சணப்புக் கொல்லையும் வெறும் கொல்லையும்

அறுக்காத பயிரை விதைக்கிறவள் என்று எங்கள் ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பூலாம்பாடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் கொல்லை. வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் மக்காச்சோளம் போட்டால் தையில் கதிர் ஒடிப்போம். அதற்கப்புறம் கோடை மழை பெய்தால் மற்றவர்கள் எள் தெளிப்பார்கள், பெய்யாவிட்டால் கொல்லையைச் சும்மா போட்டுவைப்பார்கள். நான் மட்டும் சணப்பு விதைப்பேன். நாற்பத்தைந்து நாளில் மஞ்சளாகப் பூக்கும். பூத்ததும் அப்படியே மடக்கி உழுதுவிடுவேன். விதை வாங்கி, விதைத்து, வளர்த்து, மண்ணிலேயே புதைக்கிறாளே, இவளுக்கென்ன கிறுக்கா என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என் காதுபடவே பேசுவார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு போகிற ஆள் இல்லை. நீ மூன்று வேளை தின்னலாம், மண் ஒரு வேளை தின்னக்கூடாதா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன்.

அப்படிப்பட்ட எனக்கு அரவிந்தன் கொண்டுவந்த சங்கதி இனிக்காமல் இருக்குமா?

2004 சித்திரையில் வந்தான். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்கிற பையன். இருபத்தாறு வயதிருக்கும். அப்போதெல்லாம் 'அவர்' என்றுதான் சொல்வேன். இப்போது எனக்கு 'அவன்'தான். பெரம்பலூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். சணப்பு விதைக்கிற ஆள் யார் என்று நாலு ஊரில் விசாரித்து, கடைசியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அவன் சொன்னது இதுதான். நாம் போடுகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் மண்ணில் கிடக்கிறது. மழை பெய்து மண் நனைந்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக மாற்றி மேலே விடுகின்றன. அதற்கு நிறம் கிடையாது, நம் மூக்குக்கு வாடையும் எட்டாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல முந்நூறு மடங்கு. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் கொல்லை வெறுமனே கிடக்காமல் ஒரு மூடுபயிர் நின்றால், அது அந்த மிச்சத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வாயு குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். மடக்கி உழுதபின் அது அழுகும்போது இன்னும் அதிகமாகத்தான் வரும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இந்த ஊர் மண்ணில் எது நிஜம் என்று அளந்து பார்க்க வேண்டும்.

எனக்குப் புரிந்தது. காசு கொடுத்து வாங்கிய யூரியா காற்றில் போகிறது, அதைச் சணப்பு பிடித்து வைக்கிறதா இல்லையா, அவ்வளவுதானே. இத்தனை வருஷம் நான் வாயால் சண்டை போட்டுக்கொண்டிருந்ததை ஒருவன் பெட்டி வைத்து அளக்கிறேன் என்கிறான். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எண் நல்லதாக வந்தாலும் கெட்டதாக வந்தாலும் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும், உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். சரிங்கக்கா என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

ரோட்டை ஒட்டி ஒரு ஏக்கரை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதியில் சணப்பு. மறுபாதி வெறும் கொல்லை. மற்றபடி இரண்டுக்கும் ஒரே உழவு, ஒரே நாளில் சோளம், ஒரே அளவு யூரியா. வெறும் கொல்லையில் இரண்டு வருஷத்துக்கு எருவோ குப்பையோ எதுவும் விழக்கூடாது. இதை என் வீட்டுக்காரர் முருகையனிடம் மூன்று தடவை சொன்னேன். அவர் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். குரல் உயர்த்தி ஒரு வார்த்தை பேசமாட்டார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் தான் காபி குடிக்கமாட்டார். அப்படி ஒரு மனுஷன்.

வியாழக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு அரவிந்தன் வருவான். மண்ணில் பதித்த இரும்புச் சட்டங்களின் மேல் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்ப்பான். பெட்டியின் தலையில் ஒரு ரப்பர் மூடி. அதில் ஊசியைக் குத்தி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உள்ளே சேர்ந்த காற்றை இழுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைப்பான். நானும் பழகிக்கொண்டேன். அவன் வர முடியாத வாரங்களில் அலாரம் கடிகாரத்தை வரப்பில் வைத்துக்கொண்டு நானே இழுத்து வைப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறவள், மண்ணுக்கு ஊசி போட ஆரம்பித்துவிட்டேன் என்று ஊர் சிரித்தது.

முதல் வருஷத்து எண் வந்தபோது எனக்கு முகம் தொங்கிவிட்டது. சணப்பு நின்ற வாரங்களில் அந்தக் கொல்லையில் வாயு குறைவுதான். ஆனால் மடக்கி உழுத பிறகு இரண்டு வாரம் எகிறியிருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு கொல்லையும் ஏறக்குறைய ஒன்று. அரவிந்தன் என்னைவிட வாடிப்போயிருந்தான். எனக்கு வருத்தம் இருந்தாலும் கோபம் இல்லை. இவன் ஒளிக்காமல் சொல்கிறானே என்று ஒரு மரியாதைகூட வந்தது. அந்த மரியாதைதான் பிற்பாடு என் கண்ணைக் கட்டியது.

அடுத்த வருஷம் ஆடியில் மீன்சுருட்டியில் என் அம்மா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். மூன்று பஸ் மாறி ஓடினேன். எட்டு நாள் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. நான் திரும்பிய பிறகுதான் சணப்பை மடக்குவதாகப் பேச்சு. வந்து பார்த்தால் இரண்டு கொல்லையும் உழுதாகிவிட்டது. மழை வருகிற மாதிரி இருந்தது, டிராக்டர் கிடைத்தது, ஓட்டிவிட்டேன் என்றார் இவர். சட்டங்களைப் பிடுங்கி, உழுதபின் இருந்த இடத்திலேயே பதித்தும் வைத்திருந்தார். நான்கூட, பரவாயில்லையே, மனுஷன் தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் அரவிந்தன் ஒரு கோட்டுப்படத்தோடு வந்தான். சணப்புக் கொல்லையின் கோடு கீழேயே ஊர்ந்து போகிறது. வெறும் கொல்லையின் கோடு ஆடி மாதத்துக்கு வந்ததும் பனைமரம் மாதிரி நிற்கிறது. வருஷம் முழுக்கக் கூட்டினால் வெறும் கொல்லை விட்ட வாயு சணப்புக் கொல்லையைப் போல் இரண்டரை மடங்கு. போன வருஷம் ஒன்றாக இருந்ததே என்று கேட்டேன். மண் பழகுவதற்கு ஒரு வருஷம் ஆகுமுங்கக்கா என்றான். எனக்கு அது போதும். அன்று வடை சுட்டு அவனுக்கு இலை போட்டேன். இவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் என்றைக்குப் பேசினார் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. அரவிந்தன் அந்தக் கோட்டைத் திரையில் காட்டினான். பிறகு மைக்கை என் கையில் கொடுத்தான். வாழ்நாள் முழுக்க எனக்கு மைக் கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது, கிடைத்தால் விடமாட்டேன். சணப்பு மடக்கினால் யூரியாவில் பாதி போதும், மீதி காற்றில்தான் போகிறது, இதை நான் யாரோ சொல்லிக் கேட்கவில்லை, என் கையால் ஊசி பிடித்து அளந்தேன் என்று பேசினேன். என்னைக் கிறுக்கி என்றவர்களெல்லாம் கை தட்டினார்கள். எங்கள் ஊரிலேயே பதினான்கு பேர் விதைக்கிறேன் என்றார்கள்.

வீராயி அந்தப் பதினான்கில் இல்லை. அவளுக்கு இருப்பதே ஒரு ஏக்கர். புருஷன் திருப்பூரில் வேலைக்குப் போய் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவன். கோடை மழைக்கு அந்த ஒரு ஏக்கரில் எள் தெளிப்பாள். ஆடியில் அந்த எள்தான் அவள் வீட்டுக்கு அரிசியும் எண்ணெயும். நான் யோசிச்சுச் சொல்றேன்க்கா என்றாள். நான் விட்டேனா? மூன்று தடவை அவள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது தடவை அவள் தயங்கியபோது, "அளந்து பாத்தாச்சுடி, இன்னும் என்ன யோசன? நான் பொய்யா சொல்றேன்?" என்று கேட்டேன். அதற்கப்புறம்தான் எள்ளை எடுத்து வைத்துவிட்டுச் சணப்பு விதைத்தாள். நல்ல மழை. ஊரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து ஏக்கர் முழங்கால் உயரம் பச்சை. நான் நடந்து போகிற தோரணையே மாறிவிட்டது, எனக்கே தெரிந்தது.

ஆனி மாதம், ஒரு காலை நேரம், கிடைக்காரர் குழந்தைவேல் வாசலில் வந்து நின்றார். இருநூறு முந்நூறு ஆடுகளோடு ஊர் ஊராகப் போகிறவர். அறுத்துவிட்ட கொல்லையில் இரவில் ஆடுகளை மடக்கிக் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அதைவிட நல்ல உரம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. அவர் முகத்தில் சலிப்பு.

"ஊரு பூரா சணப்பாக் கெடக்குதே தாயி, ஆட்ட எங்க மடக்குறது? ஒங்க ரோட்டோரக் கொல்ல மட்டும்தான் சும்மா கெடக்கு. போன வருசம் மாரி அதுலயே மூணு ராவு கட்டிக்கட்டுமா?"

எந்தக் கொல்லை என்று கேட்டேன். சட்டம் சட்டமாக இரும்பு பதித்திருக்குமே, அந்தக் கொல்லைதான் என்றார். எப்போது என்று கேட்டேன். போன ஆடியில், நீங்கள் உங்கள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தீர்களே, அப்போது உங்கள் வீட்டுக்காரர்தான் கூப்பிட்டார் என்றார். தூணைப் பிடித்துக்கொண்டேன். இந்த வருஷம் வேண்டாம் என்று எப்படியோ சொல்லி அனுப்பினேன்.

அரவிந்தன் இரண்டு வருஷமாக எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். ஆட்டு மூத்திரத்தில் இருப்பதும் யூரியாதான். இருநூறு ஆடு மூன்று ராத்திரி பெய்த மூத்திரத்தை உழுது, அதன் மேல் மழையும் விழுந்தால் என்ன வரும் என்று எனக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாம். பனைமரம் மாதிரி நின்ற கோடு ஆட்டு மூத்திரம். அதைக் காட்டித்தான் நான் மைக்கில் பேசியிருக்கிறேன்.

இவர் தொழுவத்தில் இருந்தார். போய் நின்று கேட்டேன். மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

"ஒரு வருசத்துக்கு மேல அந்தக் கொல்லைக்கு எருன்னு ஒன்னுமே போடாம வச்சிருந்த. பக்கத்துப் பாதிக்கு மட்டும் தழையா தின்னக் குடுக்குற. பாக்கவே பாவமா இருந்துச்சு மலரு. அதுவும் நம்ம மண்ணுதான?"

இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குச் சோறு போட்டு ஒன்றைப் பட்டினி போட்ட மாதிரி அவருக்குப் பட்டிருக்கிறது. அது எனக்குப் புரிகிறது, அதனால்தான் அடக்கமுடியாமல் ஆத்திரம் வந்தது. சரி, கட்டினீர்கள், அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு நான் ஆடினேனே, வடை சுட்டேனே, மைக்கில் கத்தினேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், எப்படிச் சொல்வது என்றார். அதற்குப் பிறகு சாணியைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"அந்தத் தம்பிக்கு அன்னிக்கே தெரியும். வியாழக்கெழம வந்தாரு, புழுக்கையெல்லாம் கெடந்துச்சு, சட்டத்துக்குள்ளயும் கெடந்துச்சு. நாந்தான் கட்டுனேன்னு சொன்னேன். பரவால்லங்கய்யா, நான் பாத்துக்குறேன், அக்காகிட்ட சொல்ல வேணாம்னாரு."

இருபது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவர், நேற்று வந்த பையன் சொன்னான் என்று பத்து மாதம் என்னிடம் வாயைத் திறக்கவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். போங்க அந்தப் பக்கம் என்றேன். போய்விட்டார்.

வியாழக்கிழமை அரவிந்தன் எப்போதும் போலப் பெட்டியோடு இறங்கினான். பஸ் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தேன். கிடை கட்டியது தெரியுமா என்று மட்டும் கேட்டேன். அவன் பெட்டியைக் கீழே வைத்தான். நோட்டில் எழுதியிருக்கிறேன் அக்கா என்றான். மண்டபத்தில் சொன்னாயா என்றேன். பையிலிருந்து நோட்டை எடுத்தான், திறக்காமலே மறுபடி உள்ளே வைத்தான். அதுவரை அவனோடு ஒரு தடவைகூட 'ங்க' போடாமல் பேசியதில்லை. அன்று அது தானாக உதிர்ந்துவிட்டது.

அந்த வாரங்களை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். இரண்டு வருஷமும் இரண்டு கொல்லையும் ஒன்றுதான், பெரிய வித்தியாசம் இல்லை என்றான். வித்தியாசம் இல்லை என்று எழுதினால் என் ஆராய்ச்சியை யார் படிப்பார்கள், இரண்டு வருஷம் வீணாகிவிடும் என்றான். பிறகு கொஞ்சம் தைரியம் வந்து, சணப்பு மண்ணுக்கு நல்லதுதானே அக்கா, நீங்களே அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தீர்கள், ஊர் விதைத்ததில் என்ன நஷ்டம் என்று என்னையே கேட்டான்.

"நல்லதுதான். அத நான் பொய்யில்லாமலே சொல்லிக்கிட்டிருந்தேன். கேக்குறவன் கேட்டான், சிரிக்கிறவன் சிரிச்சான். நீதான் என்னைப் பொய் சொல்ல வச்ச."

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலடியில் விதைத்தவர்கள் எல்லோரையும் கூட்டுகிறேன், நீ வந்து நடந்ததைச் சொல் என்றேன். கண்டிப்பாக வருகிறேன் என்றான். கண்கூடக் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரையும் நம்பினேன் பாருங்கள், என்னை எதால் அடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி பஸ் வந்தது, போனது. பத்தரை மணி பஸ்ஸும் போனது. கடை போனிலிருந்து அவன் நம்பருக்கு அடித்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வந்திருந்தவர்கள் சணப்பை எப்போது மடக்கலாம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்று நானே சொன்னேன். புருஷன் செய்ததையும் சொன்னேன், அந்தப் பையன் செய்ததையும் சொன்னேன். சிலர் உச்சுக் கொட்டினார்கள். ஆடு கட்டியதைப் பார்த்தோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார் ஒருவர். உன்னைப் போய் இப்படி ஏமாற்றிவிட்டார்களே மலர்கொடி என்று ஒரு கிழவர் ஆறுதல் சொன்னார். கொஞ்சம் மனசு லேசானது. என் பக்கம் நாலு பேர் இருக்கிறார்கள் என்று தோன்றியது.

வீராயி கூட்டத்துக்கு வரவில்லை. அவளைத் தேடி அவள் கொல்லைக்குப் போனேன். சணப்பு இடுப்பளவு வளர்ந்து, அங்கங்கே பூ எடுத்திருந்தது. ஓரத்தில் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். கிடை, உழவு, நோட்டு, வராத பஸ் எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. அவளும் அந்தக் கிழவர் மாதிரி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"ஒன்னைய ஒன் வூட்டுக்காரரு ஏமாத்துனாரு. அந்தத் தம்பி ஏமாத்துனாரு. சரிக்கா. எனக்கு அந்தத் தம்பியத் தெரியாது. என் வூட்டுக்கு மூணு தரம் வந்து எள்ளு வேணாம்னு சொன்னது நீதான?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன், எனக்குத் தெரிந்தது அதுதான். போன வருஷம் இந்நேரம் காய் பிடித்து நின்ற எள்ளை அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள், நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"போவுது விடு, வெதச்சாச்சு. இப்ப மடக்குன பெறவு சோளத்துக்கு யூரியா பாதி போட்டாப் போதுமா, முழுசும் போடணுமா? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

அவளுக்கு இருப்பது ஒரு ஏக்கர். பாதி போட்டுச் சோளம் வெளுத்துப்போனாலும் அவளுக்குத்தான், முழுசும் போட்டுக் காற்றில் போனாலும் அவளுக்குத்தான். இரண்டு வருஷம் ஊசி பிடித்தவள் நான். வாயைத் திறந்தேன்.

"தெரியலடி வீராயி."

"இத அன்னிக்கே சொல்லிருந்தா நான் எள்ளு வெதச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, அவள் புல் அறுக்கக் குனிந்தாள்.